ஒற்றைக்கண்ணன் கதையைச் சொன்னது யார்?



அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழையும் பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலப் பாடத்தில் ஒரு கிரேக்கப் பெரியவர் காத்திருக்கிறார். அவர் ஹோமர். கையில் ‘ஒடிசி’. ஏறக்குறைய 2,700 ஆண்டுப் பழைய காவியம். 24 பாகங்கள், 12,000 வரிகளுக்கு மேல். டிராய் நகரத்துப் போரில் 10 ஆண்டு, கடலில் இன்னொரு 10 ஆண்டு என்று அலைந்து வீடு திரும்பும் ஒடிசியஸ் என்ற அரசனின் கதை. அமெரிக்காவில் 2010இல் வெளியான பொதுப் பாடத்தரங்கள், 9, 10ஆம் வகுப்புகளுக்கு ஏற்ற நூல்களுக்கு எடுத்துக்காட்டாக இதையும் சேர்த்தன.

பிள்ளைகளுக்கு ஹோமரைச் சொல்லித்தருவது பழைய வழக்கம்தான். எகிப்தின் மணலில் கிடைத்த கிரேக்கப் பள்ளிப் பாப்பிரஸ் ஏடுகளில் மற்ற எந்தக் கவிஞரைவிடவும் ஹோமரே அதிகம். மாணவர்கள் எழுத்துப் பழகியதே அவர் வரிகளில். இதற்கு எதிர்ப்பும் பழையதுதான். வீரர்கள் விழுந்து அழுவதையும் தெய்வங்கள் வாய்விட்டுச் சிரிப்பதையும் இளைஞர் காதில் போடக்கூடாது என்று பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலில் பெரிய கத்தரிக்கோலோடு உட்கார்ந்துவிடுகிறார். பாடநூல் தணிக்கைக்காரர்களுக்கு இவ்வளவு பெரிய முன்னோடி வேறு யாரும் கிடைக்கமாட்டார்கள்.

இன்றைய கத்தரிக்கோல் வேறு மாதிரி வேலை செய்கிறது. பள்ளித் தொகுப்புகள் பெரும்பாலும் அரக்கர்களை மட்டும் வெட்டி எடுத்துத் தருகின்றன. ஒற்றைக்கண் சைக்ளாப்ஸ், ஆட்களைப் பன்றிகளாக்கும் சர்சி, பாட்டுப் பாடி மாலுமிகளை மயக்கும் சைரன்கள். பிள்ளைகளுக்கு இவை பிடிக்கும், உண்மைதான். ஆனால் இந்தச் சாகசங்கள் எல்லாம் 9 முதல் 12 வரையுள்ள நான்கு பாகங்களில் அடங்கிவிடும். அந்த நான்கு பாகங்களிலும் கதை சொல்வது ஹோமர் இல்லை. ஒடிசியஸே சொல்கிறான்.

கப்பலையும் ஆட்களையும் இழந்து, ஃபியேஷிய நாட்டு அரசன் ஆல்கினஸின் விருந்தில் உட்கார்ந்திருக்கிறான் ஒடிசியஸ். ஊர் போய்ச் சேர அவனுக்கு ஒரு கப்பல் வேண்டும். அந்த நேரத்தில்தான் தன் கதையை அவிழ்க்கிறான். கூடப்போனவர்கள் ஒருவர்கூட உயிரோடு இல்லை. நடந்ததற்குச் சாட்சி அவன் ஒருவனே. பிறகு 13ஆம் பாகத்தில் சொந்த ஊரான இத்தாகாவின் கரையில் இறங்குகிறான். மாறுவேடத்தில் அதீனா தேவி எதிரே வருகிறாள். தான் கிரீட் தீவுக்காரன் என்று அவளிடமே ஒரு முழுப் பொய்க்கதையைக் கட்டிவிடுகிறான். தேவி கோபிக்கவில்லை, சிரிக்கிறாள். அடுத்து பன்றி மேய்க்கும் விசுவாசியிடம் ஒரு பொய், மனைவி பெனலோப்பியிடம் ஒரு பொய், வயதான தகப்பனிடம்கூட ஒன்று.

இதையெல்லாம் படித்த பதினைந்து வயதுப் பிள்ளையிடம் ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: அப்படியானால் அந்த ஒற்றைக்கண்ணன் கதை நிஜமா? வகுப்பு இரண்டாகப் பிளக்கும். பாதிப் பேர் ஒடிசியஸின் வக்கீல்கள், மீதிப் பேர் அவனைக் குறுக்கு விசாரணை செய்பவர்கள். இரு தரப்பும் ஆதாரம் தேடி நூலைப் புரட்டியே ஆகவேண்டும். தப்பித்த பிறகு கப்பலிலிருந்து தன் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாவற்றையும் கத்திச் சொல்லி அரக்கனின் சாபத்தை வாங்கிக்கொள்கிறானே, பொய்யன் தன் மடத்தனத்தைத் தானே சொல்வானா என்று ஒரு தரப்பு கேட்கும். அந்தப் பெருமைக்காகத்தான் சொல்கிறான் என்பது மறுதரப்பு. சொல்பவர் யார், யாரிடம் சொல்கிறார், என்ன வேண்டிச் சொல்கிறார் என்று கேட்கத் தெரிவதே வாசிப்புத் திறன். சைக்ளாப்ஸை மட்டும் தனியே வெட்டிக் கொடுத்தால் இந்த வழக்குக்கே இடமில்லாமல் போகும்.

வெட்டப்படும் இன்னொரு பகுதி முதல் நான்கு பாகங்கள். அவற்றில் ஒடிசியஸ் வருவதே இல்லை; மகன் டெலிமாக்கஸ் வருகிறான். வயது இருபது இருக்கும். அப்பா முகம் நினைவில்லை. வீடு நிறைய, அம்மாவை மணக்க வந்து சொத்தைத் தின்று தீர்க்கும் ஆண்கள். அவர்களை எதிர்க்கத் துணிவில்லாதவன் எல்லார் முன்னும் அம்மாவைப் போய் அதட்டுகிறான். உயர்நிலைப் பள்ளி வகுப்பில் இவனைத் தெரியாதவர்கள் யார்?

வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு இந்நூல் எட்டுமா என்ற கவலை நியாயமானது. அதற்கு விடை காதில் இருக்கிறது. மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர் 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவில் நாட்டுப் பாடகர்களைத் தேடித்தேடிப் பதிவு செய்தார். அவர்களில் அவ்தோ மெஜெதோவிச் என்பவர் கசாப்புக்காரர், எழுதப் படிக்கத் தெரியாதவர். 12,000 வரிகளைத் தாண்டிய ஒரே கதையை அவர் வாய்மொழியாகச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். ‘ஒடிசி’யின் நீளம்! ஹோமரில் ஒரே அடைமொழிகள், ஒரே தொடர்கள் திரும்பத் திரும்ப வருவது வாய்மொழிப் பாடலின் இலக்கணம் என்பது பாரி நிறுவிய கருத்து. இதே கண்ணோட்டத்தில் நம் புறப்பாடல்களை அணுகியவர் இலங்கைப் பேராசிரியர் க. கைலாசபதி. பர்மிங்ஹாமில் கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்த அவர், தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய நூலை 1968இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

வாய்மொழியில் பிறந்தது என்பதால், வகுப்பில் உரக்க வாசிப்பதுதான் இந்தக் காவியத்துக்குச் சரியான மரியாதை. 2017இல் வந்த எமிலி வில்சனின் ஆங்கில மொழிபெயர்ப்பு இதற்குத் தோதானது: சீரான சந்தம், எளிய சொற்கள், மூலத்தின் அதே வரி எண்ணிக்கை. மொழிபெயர்ப்பில் படிப்பது குறைவு என்று யாரும் கூச வேண்டாம். கிரேக்க நாட்டு நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளே முதலாம் ஆண்டில் ‘ஒடிசி’யையும் இரண்டாம் ஆண்டில் ஹோமரின் இன்னொரு காவியமான ‘இலியட்’டையும் நவீன கிரேக்க மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறார்கள்.

பிள்ளைகள் பலரும், கிரேக்கத் தெய்வங்கள் உலவும் பெர்சி ஜாக்சன் கதைகளைப் படித்துவிட்டே வகுப்புக்கு வருகிறார்கள். அவற்றை எழுதிய ரிக் ரையர்டன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். வாசிப்பைக் கடினமாக்கும் டிஸ்லெக்ஸியா உள்ள ஒரு சிறுவனையே அவர் நாயகனாக்கினார். தெய்வங்களின் பெயர் முன்பே தெரிந்திருப்பது லாபம். ‘இலியட்’டில் டிராயை வீழ்த்திய மரக்குதிரை வரவே வராது என்றதும் முகம் சுருங்குவது நட்டம். அந்தக் குதிரையைப் பார்க்க ‘ஒடிசி’க்குத்தான் வரவேண்டும்.

ஒரு பருவத்தில் 24 பாகங்களும் முடியாது என்பார்கள் ஆசிரியர்கள். சரி. முதல் இரண்டு பாகங்கள், 9 முதல் 13 வரை, பிறகு 22, 23 என்று எடுத்துக்கொள்ளலாம். 22இல் மணம் பேச வந்தவர்களைக் கொன்ற கையோடு, 12 அடிமைப் பெண்களையும் டெலிமாக்கஸ் தூக்கிலிடுகிறான்; அதைத் தாண்டிப் போகாமல் வகுப்பில் பேசவேண்டும். 23இல் கட்டிலை நகர்த்தச் சொல்லிக் கணவனையே சோதிக்கிறாள் பெனலோப்பி; பொய்யனை மடக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆசிரியர்களே, கேள்வித்தாளைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, ஒன்பதாம் பாகத்தை முதலில் தாங்களே வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள்.