கடைமடை வீட்டுக்கும் தண்ணீர்

(மார்சிலிங்கில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



தண்ணீர்க் குழாயும் கம்ப்யூட்டரும் என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். பால் மரம் வெட்டுகிறவர்களுக்கும் கணக்கெழுதும் கிராணிமாருக்கும் இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

நாம் கூடியிருக்கும் மார்சிலிங், ஜோகூர்ப் பாலத்தின் சிங்கப்பூர்க் கரையை ஒட்டியது. பாலத்தோடு பெரிய குழாய்கள் ஓடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1942 ஜனவரி 31-ல் பிரிட்டிஷ் படை பாலத்தை உடைத்தபோது, ஜோகூரிலிருந்து வந்த குழாயும் அறுந்தது. பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. 1963 ஏப்ரல் முதல் 1964 பிப்ரவரி வரை மழையில்லாமல் இந்நகரில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. 1962 ஒப்பந்தப்படி ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை சிங்கப்பூர் எடுக்கலாம். அந்த ஒப்பந்தம் 2061 வரை செல்லும். தண்ணீரின் அருமை தெரிந்த ஊர் இது.

தண்ணீர் வந்து சேர்வது ஒரு காரியம். அதை வீடு வீடாகப் பிரித்துக் கொடுப்பது இன்னொரு காரியம். வாய்க்கால் பாசனத்தில் தலைமடைக்காரன் வயல் நிறையும், கடைமடைக்காரன் வயல் காயும். குழாயிலும் அப்படியே. குழாயில் ஓடும் தண்ணீர் அதன் சுவரில் உராய்ந்து, போகப் போக அழுத்தம் குறைகிறது. குழாயின் அகலம் பாதியானால், அதே அளவு தண்ணீர் ஓடுவதற்கு ஏறக்குறைய முப்பது மடங்கு அழுத்தம் வீணாகும். இரண்டு மடங்கு அல்ல தோழர்களே, முப்பது மடங்கு!

ஒரே குழாய் என்றால் காகிதத்தில் கணக்குப் போட்டுவிடலாம். நகரத்திலோ குழாய்கள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. எந்தக் குழாயில் எந்தப் பக்கம் எவ்வளவு ஓடும் என்று காண்பதற்கு, ஹார்டி கிராஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1936-ல் ஒரு முறை கண்டார். முதலில் ஊகித்துக் கொண்டு, பிழையைத் திருத்தித் திருத்திச் சரியான விடைக்கு வரும் முறை அது. கையால் போட்டால் நாட்கணக்கில் ஆகும். 1993-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 'ஈபாநெட்' என்ற மென்பொருளை வெளியிட்டது. இவ்வகைக் கணக்கை அது நொடியில் முடிக்கிறது. யாரும் காசில்லாமல் எடுத்துக் கொள்ளலாம்.

சிங்கப்பூரில் 2008 வாக்கில் பொதுப் பயனீட்டுக் கழகமும் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 'வாட்டர்வைஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். நகரின் நடுப்பகுதிக் குழாய்களில் அழுத்தம் அளக்கும் கருவிகளைப் பொருத்தி, அளவுகளைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பினார்கள். குழாய் வெடித்தால் அழுத்த அலை கிளம்பி, ஒரு கருவிக்கு முன்னும் மற்றொன்றுக்குப் பின்னும் போய்ச் சேரும். அந்த நேர வித்தியாசத்தை வைத்து வெடித்த இடம் எங்கே என்று கணக்கிட்டுச் சொல்ல முடிந்தது.

நிற்க. இனி நம் கதைக்கு வருகிறேன்.

நான் வேலை பார்த்த தோட்டத்தில் நாலாவது லயத்துக் கடைசி வீடுகளுக்கு விடியற்காலையில் தண்ணீர் வராது. ஐந்து மணிக்குப் பிரட்டுக்கு நிற்க வேண்டிய பெண்கள் மூன்று மணிக்கே எழுந்து குடம் பிடித்தார்கள். முறையிட்டோம். "முதல் மூன்று லயத்துக்கும் வருகிறதே, நீங்கள் வீணாக்குகிறீர்கள்" என்றார் நிர்வாகி. லயத்துக்கு லயம் சண்டை மூண்டது.

ஈபாநெட்டை எடுத்து, ஆபீசிலிருந்த பழைய வரைபடத்தைப் பார்த்து, தொட்டியின் உயரம், குழாயின் நீளம், அகலம் எல்லாவற்றையும் பதிந்தேன். எல்லா வீட்டுக்கும் தண்ணீர் வரும் என்றது கம்ப்யூட்டர்! நிர்வாகிக்கு மகிழ்ச்சி. எனக்குத் தலைகுனிவு.

அப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பாட்டி ஒருவர் சொன்னார்: "தம்பி, நாலாம் லயம் கட்டினபோது ரெண்டு அங்குலக் குழாய் தீர்ந்து போச்சு. மிச்சத்துக்கு ஒரு அங்குலக் குழாயைத்தான் புதைச்சாங்க. நான் பார்த்தேன்." மண்டோரை அழைத்துத் தோண்டிப் பார்த்தோம். பாட்டி சொன்னது உண்மை. 200 அடிக்கு ஒரு அங்குலக் குழாய்.

அதைத் திருத்திப் பதிந்ததும் கணக்குத் தலைகீழாயிற்று. காலையில் எல்லாரும் குழாயைத் திறக்கும் நேரம் அந்த 200 அடியில் நிமிடத்துக்கு 13 காலன் ஓட வேண்டும். பழைய ஒரு அங்குலக் குழாயில் அதற்கு உராய்வில் மட்டும் 70 அடி உயரத்தின் அழுத்தம் கரையும். நம் தொட்டியின் உயரமோ 30 அடி! இரண்டு அங்குலக் குழாயில் மூன்று அடிகூடக் கரையாது. தாளில் அச்சிட்டுப் பேச்சுவார்த்தை மேசையில் வைத்தோம். நிர்வாகி அதை இரண்டு முறை படித்தார். அந்த மாதமே குழாய் மாற்றப்பட்டது. லயங்களின் சண்டையும் ஓய்ந்தது.

தோழர்களே, இதில் நாம் கற்க வேண்டியவை இரண்டு. கம்ப்யூட்டர் நாம் கொடுத்ததைத்தான் கணக்கிடும். தவறான வரைபடத்தைக் கொடுத்தால் தவறான விடையை மிகத் துல்லியமாகச் சொல்லும். மண்ணுக்குள் இருப்பது என்னவென்று அங்கே உழைத்தவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்காமல் போடும் கணக்கு அரைக் கணக்கு.

இரண்டாவது, குறையைக் குரலால் மட்டும் சொன்னால் மறுப்பது எளிது. அளந்து, கணக்கோடு சொன்னால் மறுப்பது கடினம். தோட்டத்துப் பிள்ளைகள் இந்த மென்பொருளைக் கற்க வேண்டும். கிராணிமார்களே, நாம் முதலில் கற்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம்.

கடைமடை வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். அங்கே வந்தால் எல்லா வீட்டுக்கும் வந்ததாகும்.