பேறுகாலத் துணைப் பயிற்சி: பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

(சுன்னாகத்தில் நடைபெற்ற மகளிர் கூட்டத்தில் சங்கத்தின் மகளிர் பிரிவு சார்பில் ஆற்றப்பட்ட உரை)

மலையகத்திலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் வந்திருக்கும் தாய்மாரே, தோட்டத்தை விட்டு வடக்கே வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளே, எங்களுக்கு இடமும் சாப்பாடும் தந்த சுன்னாகத்துச் சகோதரிகளே!

கொஞ்ச நாளாக எங்கள் பிள்ளைகளின் போனுக்கு ஒரு விளம்பரம் வருகிறது. "டூலா ஆகுங்கள், சர்வதேசச் சான்றிதழ் பெறுங்கள், கை நிறையச் சம்பாதியுங்கள்" என்கிறது. சிலர் சீட்டுக் காசை எடுத்துக் கட்டலாமா என்று யோசிக்கிறார்கள். தோட்டை அடகு வைக்கலாமா என்று கேட்டவர்களும் உண்டு. அதனால்தான் இன்றைக்கு இதைப் பேச எடுத்துக்கொண்டோம்.

முதலில் டூலா யார்? அது கிரேக்கச் சொல். பழைய காலத்தில் பணிப்பெண்ணை, அடிமைப் பெண்ணைக் குறித்தது. இன்றைக்குப் பிரசவ வலி தொடங்கியதிலிருந்து பிள்ளை பிறக்கும் வரை தாயின் பக்கத்திலேயே இருந்து துணை செய்யும் பெண்ணுக்கு அந்தப் பெயர். முதுகைத் தேய்த்துவிடுவாள், தண்ணீர் கொடுப்பாள், நடக்க வைப்பாள், பயத்தைப் போக்குவாள், தாதி சொல்வதை விளங்கப்படுத்துவாள். பரிசோதனை செய்வது, மருந்து கொடுப்பது, தொப்புள்கொடி வெட்டுவது அவள் வேலையில்லை. அவை மருத்துவமாதுக்கும் டாக்டருக்கும் உரியவை.

எங்கள் லயங்களில் இந்தத் துணை புதிதில்லை. பக்கத்துக் காம்பராப் பெரியம்மா வெந்நீர் வைத்து, இடுப்பைப் பிடித்து, விடிய விடிய உட்கார்ந்திருந்த காலம் இருந்தது. இப்போது நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். அது நல்லது. அதனால் எத்தனையோ தாய்மாரும் பிள்ளைகளும் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரி வாசலோடு பெரியம்மா நின்றுவிட்டாள். உள்ளே போகும் எங்கள் பிள்ளை தனியாகப் போகிறாள். பல இடங்களில் அங்கே பேசப்படும் மொழியும் அவளுக்கு விளங்காது. முக்கு என்கிறார்களா, முக்காதே என்கிறார்களா என்று தெரியாமல் தவித்ததாகச் சொல்லும் தாய்மார் எங்கள் சங்கத்தில் நிறையப் பேர். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியானது. பிரசவ விடுதிக்குள் அது முழுதாக வந்து சேரவில்லை.

துணை இருப்பதால் என்ன பலன் என்று சிலர் கேட்கலாம். 1980இல் குவாத்தமாலா நாட்டு வைத்தியசாலை ஒன்றில் நடந்த ஆய்வு வெளியானது. முன்பின் தெரியாத ஒரு பெண் பக்கத்தில் துணையிருந்த தாய்மாருக்குப் பிரசவம் சராசரியாக 8.8 மணித்தியாலத்தில் முடிந்தது. துணையில்லாதவர்களுக்கு 19.3 மணித்தியாலம் எடுத்தது. அது சிறிய ஆய்வு. 2017இல் கொக்ரேன் அமைப்பு 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்குபற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இல்லை. ஆனாலும் தொடர்ச்சியான துணை இருந்தால் சிசேரியன் குறைகிறது, வலி நீடிக்கும் நேரம் குறைகிறது, தாய் மனநிறைவோடு வீடு திரும்புகிறாள் என்று கண்டது. 2018இல் உலக சுகாதார நிறுவனம், தாய் விரும்பும் ஒருவர் பிரசவத்தின்போது கூட இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 2004லேயே பேறுகாலத் துணைத் திட்டம் தொடங்கிவிட்டது.

ஆகவே வேலை நல்ல வேலை. ஆனால் உங்கள் தங்கைக்கோ மருமகளுக்கோ துணை நிற்க எந்தச் சான்றிதழும் தேவையில்லை. ஆஸ்பத்திரியின் அனுமதியும் தாயின் விருப்பமும் போதும். இதைத் தொழிலாகச் செய்து நாலு காசு பார்க்க நினைப்பவர்களுக்குத்தான் சான்றிதழ்க் கேள்வி வருகிறது. அவர்கள் பணம் கட்டுமுன் ஐந்து கேள்வி கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: இந்தத் தாளை யார் ஏற்றுக்கொள்வார்கள்? இலங்கையில் மருத்துவமாதர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு செய்யப்படுகிறார்கள். டூலாவுக்கு அப்படியொரு அரச பதிவேடு இல்லை. அமெரிக்காவில் 1992இல் தொடங்கிய டோனா போன்ற அமைப்புகள் தங்கள் பெயரில் சான்றிதழ் தருகின்றன. உலகில் பலர் அதை மதிக்கிறார்கள். ஆனால் அதைக் காட்டினால் எங்கள் ஊர் பிரசவ விடுதிக் கதவு தானாகத் திறக்காது. நீங்கள் துணை நிற்க நினைக்கும் ஆஸ்பத்திரிக்கு முதலில் போய், வெளியாளை உள்ளே விடுவீர்களா, யாரை விடுவீர்கள் என்று கேளுங்கள். அதற்குப் பிறகு பயிற்சியைத் தேடுங்கள்.

இரண்டாவது: உண்மையான பிரசவத்தில் நின்று பழக வைப்பார்களா? நல்ல பயிற்சி இரண்டு கட்டமாக இருக்கும். முதலில் வகுப்பு. டோனா முறையில் அது குறைந்தது 16 மணித்தியாலம். பிறகு தாய்மாருக்கு நேரில் துணை நின்று, அவர்களிடமும் மருத்துவமாதிடமும் மதிப்பீடு வாங்க வேண்டும். ஒரு மத்தியானம் வீடியோ பார்த்துவிட்டுச் சான்றிதழை அச்சடித்துக்கொள்ளலாம் என்றால், அதில் நீங்கள் கற்பது சொற்பம். எப்போது ஒதுங்கி நின்று டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று கற்றுத்தராத பயிற்சி ஆபத்தும்கூட. இரத்தப்போக்கு, வலிப்பு, பிள்ளையின் அசைவு குறைவது போன்றவற்றைக் கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

மூன்றாவது: எந்த மொழியில்? ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்புக்குக் காசு கட்டிவிட்டுப் பாதியில் நிற்பதில் பயனில்லை. தமிழில் இதெல்லாம் படிக்க முடியுமா என்று யாராவது கேட்டால், நாம் கூடியிருக்கும் இந்த ஊரைச் சுற்றிக் காட்டுங்கள். இங்கிருந்து கிட்டத்தில் இருக்கும் மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மருத்துவம் கற்பித்தார். பிரசவ வைத்தியம் பற்றிய ஆங்கில நூலைத் தமிழாக்கி 1857இல் அச்சிட்டார். பின்னர் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். காங்கேசன்துறை வீதியால் யாழ்ப்பாணப் பக்கம் போனால் இணுவில் வரும். அங்கே 1898இல் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. அவ்வளவு காலத்துக்கு முன்பே நடந்தது இன்றைக்கு ஏன் நடக்காது? கூடவே இன்னொன்று. மலைநாட்டில் துணை நிற்கப் போகிறவளுக்குப் பிரசவ விடுதியில் பேசும் சிங்களமும் தெரிந்திருக்க வேண்டும். மூச்சை இழு, முக்காதே, பக்கம் திரும்பு, எவ்வளவு நேரமாக வலி, இப்படி ஐம்பது வார்த்தை தெரிந்தாலே ஒரு தாய்க்குப் பெரிய உதவி.

நான்காவது: மொத்தச் செலவு எவ்வளவு? கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். எங்களுக்கு ஒரு நாள் போனால் ஒரு பேர் போச்சு. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. அதை வைத்துக் கணக்குப் பார்ப்போம். வகுப்பு இரண்டு நாள். பிறகு மூன்று பிரசவத்துக்குத் துணை. ஒவ்வொன்றுக்கும் போய்வர இரண்டு நாள் என்றால் ஆறு நாள். ஆக எட்டுப் பேர், 10,800 ரூபா. கட்டணம், பஸ் காசு, தங்குமிடம் எல்லாம் இதற்கு மேல். சில சான்றிதழ்களைச் சில வருடத்துக்கு ஒருமுறை காசு கட்டிப் புதுப்பிக்கவும் வேண்டும். அதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது: வீடு தாங்குமா? பிரசவ வலி நேரம் பார்த்து வராது. இரவு பன்னிரண்டு மணிக்கும் கூப்பிடுவார்கள். கைக்குழந்தை இருப்பவள் யாரிடம் விட்டுவிட்டுப் போவாள்? காலையில் பெரட்டுக்கு யார் போவது? கணவரோடும் மாமியாரோடும் இதை முன்கூட்டியே பேசித் தீருங்கள். பால்குடிப் பிள்ளை இருந்தால் ஒரு வருடம் பொறுத்துப் படிப்பதில் குறையொன்றும் இல்லை. பிள்ளைகள் வளர்ந்து, தோட்டத்தில் பெயர் வெட்டி, கை ஓய்ந்திருக்கும் அம்மாமாருக்குத்தான் இந்த வேலை அதிகம் பொருந்தும் என்பது எங்கள் எண்ணம்.

இந்த ஐந்துக்கும் பதில் சரியாக வராவிட்டால் வேறு வழியும் இருக்கிறது. படித்த பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் சொல்வது குடும்பநல உத்தியோகத்தர் பயிற்சி. 18 மாதப் பயிற்சி, அந்தக் காலத்தில் கொடுப்பனவு, முடிந்தால் அரசாங்க உத்தியோகம். தேவையான தகைமை வர்த்தமானி அறிவித்தலில் வரும். தோட்டப் பகுதிக்குத் தமிழ் பேசும் மருத்துவமாது ஒருத்தி வந்தால், பல டூலாக்கள் வந்ததற்குச் சமம். பராமரிப்பாளர் வேலைக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வகுப்புக்குப் போகாமலே மதிப்பீட்டுக்கு முகம்கொடுத்து அதைப் பெறும் முறையும் உண்டு. எந்த நிறுவனம் பயிற்சி தருவதாகச் சொன்னாலும், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். வெளிநாட்டு வேலை என்று ஆசை காட்டினால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரிக்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

சங்கமும் சும்மா இருக்க முடியாது. மூன்று காரியத்தை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறோம். தமிழ்த் தாய்மார் வரும் ஒவ்வொரு வைத்தியசாலையிலும் தமிழ் பேசும் பெண் துணையை உள்ளே அனுமதிக்கும்படி கிளைகள் எழுத்தில் கேட்க வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடன்பட்டுப் படிப்பதைவிட, பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் ஓய்வுபெற்ற மருத்துவமாது ஒருவரை அழைத்துத் தோட்டத்திலேயே தமிழில் வகுப்பு வைக்கலாம். பிரசவத்துக்குத் துணை போகும் தொழிலாளியின் பெயர் அன்றைக்கு வெட்டுப்படாமல் இருக்க நிர்வாகத்தோடு பேச வேண்டும்.

பணம் கட்டச் சொல்லி எந்தத் தாள் வந்தாலும் முதலில் கிளைக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து வாசிப்போம். வகுப்பில் சேர விரும்பும் சகோதரிகள் இன்றைக்குக் கலைவதற்கு முன் வாசலில் இருக்கும் கொப்பியில் பெயர், தோட்டம், எந்த நாளில் வர வசதி என்பதை எழுதிவிட்டுப் போங்கள்.