காயாத ஓவியம்

மேரியான் நார்த் என்றொரு இங்கிலாந்துப் பெண்மணி. நாற்பதை நெருங்கும் வயதில்தான் எண்ணெய் வண்ணம் பழகினார். பிறகு உலகத்தையே சுற்றி வரைந்தார். 1877-இல் இந்தியாவுக்குக் கிளம்பியவர் நம்ம மதுரைக்கும் வந்து போனார். லண்டன் கியூ தோட்டத்தில் தன் செலவிலேயே ஒரு கூடம் கட்டிக் கொடுத்தார். 1882-இல் திறந்த அந்தக் கூடத்தில் 800-க்கும் மேற்பட்ட படங்கள். பெரும்பாலும் சின்னச் சின்னப் படங்கள்தான்.

இப்படி வண்ணப்பெட்டியும் கையுமாக ஊர் சுற்ற வழிசெய்தது, 1841-இல் ஜான் ராண்ட் கண்டுபிடித்த வண்ண ட்யூப். அதற்கு முன்னால் வண்ணத்தை எதில் கட்டி வைத்தார்கள் தெரியுமா? பன்றியின் சிறுநீர்ப்பையில்!

நீங்களும் விடிகாலையில் மதுரை ஒத்தக்கடைப் பக்கம் போய், யானைமலையைச் சின்ன அட்டையில் தீட்டிப் பாருங்கள். வெயில் ஏறினால் நிழல் இடம் மாறிவிடும். அதனால் முதலில் நிழலைப் போட்டுவிடுவது நல்லது. மலைக்குப் போக நேரமில்லையா? வீட்டுச் செம்பும் இரண்டு வாழைப்பழமும் போதும்.

மதுரை வெயிலுக்குத் தண்ணீர் வண்ணம் சட்டென்று காய்ந்துவிடும். எண்ணெய் அப்படியல்ல. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து இறுக வேண்டும்; நாள்கணக்காகும். படத்தோடு டவுன் பஸ்ஸில் திரும்பும்போது, வெள்ளை வேட்டிக்காரர் பக்கத்தில் மட்டும் நிற்காதீர்கள்!