வரலாறு தரும் தலைநிமிர்வு

(பெங்களூர் விவேக் நகரில் கல்லூரி மாணவர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரை)

ஒரு சமுதாயத்தின் முன்னேற்றத்தை மதிப்பிட வருமானம், எழுத்தறிவு, சராசரி ஆயுள் ஆகிய அளவுகோல்கள் பயன்படுகின்றன. இவற்றுள் அடங்காத ஒன்றும் உண்டு. தன் முன்னோர் யாவர் என்பதை அறிந்து, அதனைத் தயக்கமின்றி எடுத்துரைக்கும் நிலையே அது. இதனை உணர ஆப்பிரிக்கக் கண்டத்திற்குச் செல்ல வேண்டுவதில்லை. விவேக் நகரிலிருந்து ஓர் இரவுப் பேருந்துப் பயணத் தொலைவில், உத்தர கன்னட மாவட்டத்தின் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு, அங்கோலா வட்டங்களில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனத்தார் வாழ்கின்றனர்.

பறிபோன நினைவு

16ஆம் நூற்றாண்டு முதல் போர்த்துகீசியர் கிழக்கு ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கோவாவுக்குக் கொண்டுவந்தனர். அவர்களுள் பலர் தப்பியோடி மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் குடியேறினர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று கொங்கணியும் கன்னடமும் பேசுகின்றனர். இந்து, இஸ்லாம், கிறிஸ்தவம் ஆகிய மூன்று சமயங்களையும் சார்ந்துள்ளனர். 'தம்மாம்' என்னும் முழவு மட்டும் பழைய தொடர்பை நினைவூட்டுகிறது. முன்னோரின் ஊரும் மொழியும் மறைந்துவிட்டன. அடிமை முறை உழைப்பைப் பறித்ததோடு நில்லாமல் நினைவையும் பறித்தது. தலைமுறை தலைமுறையாக இம்மண்ணில் வாழ்ந்தும், தோற்றத்தைக் கண்டு அயல்நாட்டார் என எண்ணப்படும் நிலை அவர்களுக்கு ஏற்பட்டது.

அரசின் கவனம் இவர்கள்மீது திரும்பாமல் இல்லை. 1987இல் இந்திய விளையாட்டு ஆணையம் சித்தி இளைஞர்களைத் தேர்ந்து தடகளப் பயிற்சி அளித்தது. அத்திட்டம் 1990களில் கைவிடப்பட்டது. 2003இல் உத்தர கன்னடச் சித்திகள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். 2020இல் சாந்தாராம் சித்தி கருநாடகச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். இவை பயனுள்ள நடவடிக்கைகளே. எனினும், விளையாட்டுத் திட்டம் அவர்களின் உடல் வலிமையைக் கண்டதேயன்றி வரலாற்றைக் காணவில்லை.

வரலாறு கூறுவது

அவ்வரலாறு தக்காணத்திலேயே உள்ளது. எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு இந்தியா வந்த மாலிக் அம்பர், அகமதுநகர் அரசின் ஆட்சிப் பொறுப்பை ஏற்று, 1626இல் இறக்கும்வரை முகலாயப் படைகளை எதிர்த்து நின்றார். பின்னாளில் ஔரங்காபாத் எனப் பெயர் பெற்ற நகரை நிறுவி, அதற்கு நிலத்தடிக் கால்வாய்கள் வழியே குடிநீர் கொணர்ந்தார். நிலத்தின் வளத்திற்கேற்ப வரி விதிக்கும் முறையையும் வகுத்தார். பொருளாதாரம் பயிலும் மாணவர்களுக்கு இது சுவையான பாடமாகும்.

ஆப்பிரிக்காவுக்கு வரலாறே இல்லை என 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஹெகல் கூறினார். ஆதிக்க ஆட்சிக்கு இக்கருத்து வசதியாக அமைந்தது. மகா சிம்பாப்வேயின் கற்கோட்டைகள் ஆப்பிரிக்கர் கட்டியவையே என்று 1905இலும் 1929இலும் தொல்லியலார் நிறுவிய பின்னரும், ரொடீசிய வெள்ளையர் ஆட்சி அதை ஏற்கத் தயங்கியது. 1980இல் விடுதலை பெற்ற மக்கள் அக்கற்கோட்டையின் பெயரையே தம் நாட்டிற்குச் சூட்டினர். யுனெஸ்கோ நிறுவனம் 1964இல் தொடங்கிய ஆப்பிரிக்கப் பொது வரலாறு, ஆப்பிரிக்க அறிஞர்களின் பெரும் பங்களிப்புடன் 8 தொகுதிகளாக வெளிவந்தது.

எனினும், மன்னர்களின் புகழை மட்டும் பாடுவது வரலாறாகாது. அடிமை வாணிகத்தில் ஆப்பிரிக்கச் சிற்றரசர் சிலருக்கும் பங்கு இருந்தது. அதையும் மறைத்தல் கூடாது. சித்திகளுள் பெரும்பாலோர் மாலிக் அம்பரின் வழியினர் அல்லர். விலங்கை உதறிக் காட்டைத் திருத்தி ஊர் அமைத்த எளியோரின் வழியினர். அந்த உழைப்பும் பெருமைக்குரியதே.

செய்ய வேண்டியவை

சித்திச் சிறுவர் பயிலும் பள்ளிகளில் இவ்வரலாறு பாடமாக வேண்டும். முதியோரின் நினைவுகளும் பாடல்களும், அவர்கள் வாழும்போதே பதிவு செய்யப்பட வேண்டும். அம்மாவட்டத்தில் பணியேற்கும் அலுவலர்களின் பயிற்சியிலும் இது இடம்பெறுதல் நலம். பெங்களூர் மாணவர்க்கும் இவ்வறிவு தேவை. 2016இல் இந்நகரில் தான்சானிய மாணவி ஒருவர் கும்பலால் தாக்கப்பட்டதை எண்ணிப் பார்த்தால் அத்தேவை விளங்கும்.

சலுகை ஒருவரைப் பள்ளி வாயில்வரை கொண்டுசேர்க்கும். அங்கே தன் இனத்தின் பெயரைக் கூசாமல் சொல்லும் துணிவை வரலாற்றறிவே அளிக்கும். வளர்ச்சித் திட்டங்களை வகுப்போர் இரண்டிற்கும் இடமளிக்க வேண்டும்.