பின்செல்லும் படகு
(சூளூர்பேட்டைத் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது வழக்கம். யாமோ இன்று படகைப் பற்றிப் பேச வந்துள்ளோம். சூளூர்பேட்டையில் வாழும் நமக்கு இஃது அயலான பொருள் அன்று. நம் குடியிருப்பினர் பலர் பழவேற்காட்டு ஏரியின் குறுக்கே செல்லும் சாலை வழியாகத்தான் ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் பணிக்குச் செல்கின்றனர். அத்தீவின் விறகு ஒரு காலத்தில் பக்கிங்காம் கால்வாய் வழியே படகில் சென்று சென்னை நகரின் அடுப்புகளை எரித்தது. அந்நாளில் பாயும் கோலும் கயிறுமே படகை நடத்தின. இக்காலத்துப் பாய்மரப் படகுகளில் பெரும்பாலும் ஓர் இயந்திரமும் உண்டு.

புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி, கேரளத்துத் தில்னா ஆகிய கடற்படை அதிகாரிகள் இருவர், ‘தாரிணி’ என்னும் 17 மீட்டர் நீளப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்ததை நாம் அறிவோம். 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டு, 2025 மே 29ஆம் நாள் திரும்பினர். அத்தகைய படகைப் பெருங்கடலில் காற்று நடத்தும். நெருக்கமான துறைமுகத்திலோ இயந்திரத்தின் துணை வேண்டும். அங்கே பின்னோக்கிச் செலுத்துவது தனிக் கலை.

முன்னே செல்லும்போது விசிறி தள்ளும் நீர் சுக்கானின் மேல் பாய்கிறது. ஆகவே படகு உடனே திரும்புகிறது. பின்னே செலுத்தும்போது அந்நீர் முன்புறம் பாய்வதால் சுக்கான் முதலில் வலுவற்றுக் கிடக்கிறது. அதே வேளையில் விசிறி, படகின் பின்பகுதியாகிய அமரத்தைப் பக்கவாட்டில் இழுக்கிறது. முன்செல்கையில் வலஞ்சுழியாகச் சுழலும் விசிறி, பின்செல்கையில் இடஞ்சுழியாகச் சுழலும். அப்போது அது எறியும் நீர் வலப்பக்க அடிப்பகுதியில் மோதி, அமரத்தை இடப்பக்கம் தள்ளும். தண்டு சாய்ந்திருப்பதால் ஏறும் இதழும் இறங்கும் இதழும் நீரை ஒரே அளவில் பற்றாமையும் ஒரு காரணம். இடஞ்சுழி விசிறியாயின் எல்லாம் மாறும். வெளிப்புறம் மாட்டிய இயந்திரமுள்ள சிறு படகுகளில் இயந்திரத்தையே திருப்பலாம். அங்கே இத்தொல்லை குறைவு.

உங்கள் படகு எப்பக்கம் இழுக்கும் என்பதைத் துறையில் கட்டியிருக்கும்போதே அறியலாம். மெதுவாகப் பின்விசை கொடுத்துப் பாருங்கள். எப்பக்கம் நீர் கொந்தளித்து முன்னே வருகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் அமரம் செல்லும்.

அறிந்தபின் அதனை நமக்கு வேலை செய்யும்படி அமைத்துக்கொள்ளலாம். இடப்பக்கம் இழுக்கும் படகை, இடப்பக்கம் துறையை ஒட்டுமாறு சற்றுச் சாய்வாகக் கொண்டு வருக. இறுதியில் குறுகிய பின்விசை ஒன்று கொடுத்தால், படகும் நிற்கும். அமரமும் துறையை அணைந்துகொள்ளும். குறுகிய இடத்தில் வலப்பக்கம் திரும்ப வேண்டின், சுக்கானை வலப்பக்கமே வைத்து, முன்விசையும் பின்விசையும் சிறிது சிறிதாக மாற்றிக் கொடுக்க, படகு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே சுழலும். நெடுந்தொலைவு பின்செல்ல வேண்டின், விசை கொடுத்து வேகம் பெற்றதும் அதனை விடுத்து மிதக்க விடுக. அப்போது சுக்கான் பணி செய்யும். அதன் பிடியை மட்டும் உறுதியாகப் பற்றுக. நீர் அதனைத் திடீரெனத் திருப்பிவிடும்.

இதனை அறியாமல் செலுத்துவோன், அமரம் விலகியதும் அஞ்சி மேலும் விசை கொடுப்பான்; இழுப்பும் மிகும். படகுக்கும் துறைக்கும் இடையே கை வைத்துத் தடுக்க முயல்வோர் கை நசுங்கும். நீரில் தொங்கும் கயிறு விசிறியில் சுற்றினால் இயந்திரமே நின்றுவிடும். அருகே நீரில் ஆள் இருப்பின் இயந்திரத்தை நிறுத்துவதொன்றே வழி. இவ்வூரில் வளர்ந்த நம் பிள்ளைகளுள் சிலர் நாளை கடற்படைக்கும் கப்பற்பணிக்கும் செல்லலாம். அவர்கட்கு இவ்வறிவு உயிர்க்காப்பு.

அன்பர்களே! விசிறியின் இழுப்பை ஒழிக்க முடியாது. ஆயினும் அஃது என்றும் ஒரே பக்கம் இழுப்பது. மாறாத குறையை அளந்துகொள்ளலாம், அளந்துகொண்டதைக் கருவியாக்கலாம். காற்றில்லாத அமைதியான நாளிலேயே அதனைப் பயில்க. நெருக்கடி வரும் நாளில் கை தானே செய்யும்.