பதினாறு பக்க மொழி

கணினி மொழி என்றதும் ரேடியோவை அணைத்துவிடாதீர்கள். பாடம் நடத்தப்போவதில்லை.

ஒரு சிக்கன நாணயச் சங்கத்தின் கடன் கணக்கு நிரலை நான் கவனித்துவந்தேன். பைத்தான் மொழியின் இரண்டாம் பதிப்பில் எழுதியது. புதுக் கணினி வாங்கி மூன்றாம் பதிப்பைப் போட்டார்கள். நிரல் கிளம்பவே இல்லை. அச்சிடும் கட்டளைக்கு இப்போது அடைப்புக்குறி வேண்டுமாம். சரி, போட்டுவிடலாம். பழைய பதிப்பில் 7ஐ 2ஆல் வகுத்தால் 3, புதியதில் 3.5. இதைக் கணினி பிழை என்று சொல்லாது, தவணைத் தொகை மட்டும் பேசாமல் மாறிவிடும். ஒவ்வொரு வகுத்தல் குறியாகத் தேடிப் பார்த்தோம்.

இந்தத் தொல்லையை 1970லேயே தவிர்த்திருந்தார் ஒருவர். பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த், ஜூரிச் இ.டி.எச். பேராசிரியர். அவர் மொழியில் முழு எண் வகுத்தலுக்கு 'டிவ்', தசமத்தோடு வகுக்கச் சாய்கோடு. இரண்டுக்கும் தனித்தனிக் குறி, குழப்பமே இல்லை.

1984இல் டூரிங் விருது வாங்கிய மனிதர், பேர் கிடைத்தாயிற்று என்று உட்காரவில்லை. 1980களின் கடைசியில் ஓபரான் என்று இன்னொரு மொழி செய்தார். அதன் முழு இலக்கணமும் ஏறக்குறைய 16 பக்கம். சி பிளஸ் பிளஸ் மொழியின் தர ஆவணம் இன்று ஆயிரம் பக்கத்தைத் தாண்டும், வீட்டில் பொறியியல் படிக்கும் பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு அவரிடம் பிடித்ததே இந்தக் கழிக்கும் குணம்தான். நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். அதில் யாராவது புது வசதி சேர்த்தால், அந்தக் கம்பைலர் தன்னையே மாற்றிக்கொள்ள எடுக்கும் நேரம் குறைகிறதா என்று பார்ப்பாராம். குறையாவிட்டால் வசதிக்கு இடமில்லை. அவருடைய மாணவர் மைக்கேல் ஃபிரான்ஸ் இதை எழுதியிருக்கிறார். 2007இல், 73 வயதில், விர்த் ஓபரானைத் திரும்பவும் திருத்தினார். 'லூப்', 'எக்ஸிட்' என்ற கட்டளைகள் இரண்டையும் தூக்கினார். முன்பு வேண்டாமென்று விட்ட 'ஃபார்' மட்டும் திரும்ப வந்தது, அதில் பிடிவாதம் பிடிக்கவில்லை. பிறகு ஓபரான் ஓடுவதற்கென்றே ஒரு சிறிய பிராசஸரையும் தானே வடிவமைத்தார். அப்போது எண்பதை நெருங்கியிருந்தார்!

நேரம் நெருங்கிவிட்டது, மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூகுளின் கோ மொழியை வடிவமைத்த மூவரில் ராபர்ட் கிரீசமர் அதே இ.டி.எச்.சில் முனைவர் பட்டம் பெற்றவர். 2012இல் கோவின் முதல் பதிப்பு வந்தபோதே, இன்று எழுதும் நிரல் அந்த வரிசையில் பின்னால் வரும் பதிப்புகளிலும் ஓடும் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். சங்கக் கணக்கு எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

விர்த் 2024 ஜனவரி முதல் நாள் காலமானார். ஓபரானின் அந்தப் பக்கங்கள் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. கணினி படிக்கும் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.