மேசைக்கணினியா, பெரிய மடிக்கணினியா?

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் சாதனைகளைப் பட்டியலிடுவதும், மூத்தோரைப் போற்றுவதும் மரபு. அவற்றை நமக்கு முன் பேசியோர் செவ்வனே செய்துவிட்டனர். நமக்குச் செயற்குழு அளித்துள்ள பணி வேறு. உறுப்பினர்களின் சந்தாவாலும், இச்சங்கத்தில் படித்துப் பணிக்குச் சென்றோரின் நன்கொடையாலும் சேர்ந்துள்ள வெள்ளி விழா நிதியில், நம் படிப்பகத்திற்குக் கணினிகள் வாங்குவதென்று முடிவாகியுள்ளது. இளைஞர்கள், "மேசைக்கணினியின் காலம் முடிந்துவிட்டது, பெரிய திரையுள்ள மடிக்கணினிகளே அதன் இடத்தை நிரப்பும்" என்கின்றனர். மூத்தோர், "மேசையில் நிலையாக இருப்பதுதான் உழைக்கும், கையில் எடுத்துச் செல்வது கைவிட்டுப் போகும்" என்கின்றனர். இரு கட்சிகளையும் சீர்தூக்கிப் பார்த்து ஒரு முடிவு கூற வேண்டும் என்பதே நமக்கு இடப்பட்ட கட்டளை.

இயந்திரம் வாங்குவது பற்றி ஒரு சொற்பொழிவா என்று சிலர் எண்ணக்கூடும். நம் சமுதாயத்தைப் பொறுத்தவரை, கல்விக் கருவி எவர் கைக்கு எட்டுகிறது என்பது என்றுமே சிறிய கேள்வியாக இருந்ததில்லை. 1894ஆம் ஆண்டு அடையாற்றில் கர்னல் ஆல்காட் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கிய நாளில் பலகையும் பலப்பமுமே பெரும் பேறாக இருந்தன. இதே தென்சென்னைப் பகுதியில், பரங்கிமலையில் 1883இல் பிறந்த பெருந்தலைவர் எம். சி. ராஜா ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிப் பாடநூல்களும் எழுதினார். அன்று பலகை, பின்னர் பாடநூல், அதன்பின் தட்டச்சுப் பொறி, இன்று கணினி. விண்ணப்பம் முதல் தேர்வு முடிவு வரை அனைத்தும் கணினி வழியாகவே நடைபெறும் காலத்தில், அது இல்லாத வீடு கதவடைக்கப்பட்ட வீடாகும்.

முதலில், பெரிய மடிக்கணினி என்பது யாது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நாம் பொதுவாகக் காணும் மடிக்கணினியின் திரை 14 அல்லது 15 அங்குலம் இருக்கும். 16, 17 அங்குலத் திரையும், எண்களுக்கென வலப்புறம் தனி விசைத்தொகுதியும், இரண்டு முதல் மூன்று கிலோ எடையும் கொண்டவையே மேசைக்கணினிக்கு மாற்று என்று விற்கப்படுகின்றன. இவ்வாசை புதியதன்று. 1981இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆஸ்பார்ன் 1 என்னும் கணினி, தூக்கிச் செல்லக்கூடியது என்றே விளம்பரம் செய்யப்பட்டது. அதன் எடையோ ஏறத்தாழ 11 கிலோ. திரையோ 5 அங்குலம். அன்று தையல் இயந்திரத்தைப் போல் தூக்கிச் சென்றனர். இன்று பள்ளிப் பையில் அடங்குகிறது. ஆயினும், பையில் அடங்குவதனாலேயே அது மேசைக்கணினியின் வேலையை முழுவதும் செய்துவிடுமா என்னும் கேள்வி அப்படியே நிற்கிறது.

மடிக்கணினியின் கட்சியை முதலில் பேசுவோம். அதற்கு நம்மையே சாட்சியாக நிறுத்த வேண்டியுள்ளது. 2014ஆம் ஆண்டு நம் படிப்பகத்திற்கு நான்கு மேசைக்கணினிகள் வாங்கப்பட்டபோது, அவற்றைத் தரைத்தளத்தில் வைக்கலாம் என்று கூறியவர்களில் நாமும் ஒருவராக இருந்தோம். முதியோரும் சிறுவரும் படியேற வேண்டாமே என்பது நம் எண்ணம். 2015 டிசம்பர் முதல் நாளும் இரண்டாம் நாளும் பெய்த பெருமழையை இப்பகுதியில் மறந்தவர் எவருமிலர். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு கரைகடந்து முடிச்சூரும் வரதராசபுரமும் வெள்ளத்தில் மூழ்கின. மனிதர்களை மாடிக்கு ஏற்றவே நேரம் போதவில்லை. கணினிகளை நினைப்பார் யார்? நீர் வடிந்தபின் நாம் கண்டது, மேசைமீது சேறு பூசிய நான்கு பெட்டிகள். உறுப்பினர்கள் மாதம் மாதமாகக் கொடுத்த பணம் அது.

அதே வெள்ளத்தில், பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நம் மாணவி ஒருவர், அரசு கொடுத்த மடிக்கணினியை அரிசிப் பையில் சுற்றி, அதன்மேல் நெகிழித்தாள் கட்டி, தலைமேல் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மாடிக்கு ஏறினார். வீட்டில் மற்றவை யாவும் நனைந்தன. அவர் படிப்பு நனையவில்லை. 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முழுப் பொருளையும் அந்த ஒரு காட்சியில் நாம் உணர்ந்தோம். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் மேல்நிலை பயின்ற பிள்ளைகளும், கல்லூரிகளிலும் பல்தொழில்நுட்பப் பயிலகங்களிலும் பயின்றோரும் அதனால் பயன்பெற்றனர். நம் வீடுகள் பலவற்றில் முதன்முதலாக நுழைந்த கணினி அதுவே.

நம் மக்கள் வாழும் இடங்களை எண்ணிப் பாருங்கள். ஏரிக்கரை, ஆற்றங்கரை, தாழ்ந்த புறம்போக்கு. அவற்றிலிருந்தும் பெயர்த்தெடுக்கப்பட்டால் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுக் குடியிருப்புகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தாம்பரம் சுற்றுவட்டாரம் வெள்ளத்தில் தவித்தது. மேட்டுநிலம் உடையவனுக்கு மேசைக்கணினி நிலையான சொத்து. பள்ளத்தில் வாழ வைக்கப்பட்டவனுக்கு, தூக்கிக்கொண்டு ஓடக்கூடியதே சொத்து.

மின்சாரத்தையும் எண்ண வேண்டும். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் வீசியபின் புறநகர்ப் பகுதிகளில் பல நாள் மின்சாரமில்லை. அத்தகைய நாள்களை விட்டுவிட்டாலும், மின்தடை ஏற்படும் நொடியில் மேசைக்கணினி அணைந்து, சேமிக்காத வேலை அழிந்துபோகும். அதைக் காக்க யூ.பி.எஸ். தனியே வேண்டும், அதுவும் சில நிமிடங்களே தாங்கும். மடிக்கணினியில் மின்கலம் உள்ளேயே இருப்பதால் எழுதியதை எழுதி முடிக்கலாம். ஆனால் பெரிய திரை மின்சாரத்தை அதிகம் உண்ணும். ஆதலால் பெரிய மடிக்கணினியின் மின்கலம் சிறியதைப் போல் நாள் முழுதும் வராது.

இனி மேசைக்கணினியின் கட்சி. இதுவும் எளிதில் தள்ளத்தக்கதன்று.

முதலாவது, பழுது நீக்கம். மேசைக்கணினி பல உறுப்புகளைச் சேர்த்துக் கட்டிய வீடு போன்றது. ஓர் உறுப்பு கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். தாம்பரத்தில் மின்ரயிலேறிப் பூங்கா நிலையத்தில் இறங்கி, ரிச்சி தெருவுக்குச் சென்றால், நினைவகமோ விசைப்பலகையோ மின்வழங்கியோ தனித்தனியே வாங்கலாம். நம் பள்ளி அலுவலகத்து மேசைக்கணினி இவ்வாறு உறுப்பு மாற்றி மாற்றியே பத்தாண்டுகளைக் கடந்தது. மடிக்கணினியிலோ, பல உறுப்புகள் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டுள்ளன. திரை உடைந்தாலும் கீல் முறிந்தாலும் ஆகும் செலவு, புதிதாகவே வாங்கிவிடலாமோ என்று எண்ணச் செய்யும்.

இரண்டாவது, வெப்பம். கணினி சூடாவது இயல்பு. அச்சூடு வெளியேற வழி வேண்டும். மேசைக்கணினியின் பெட்டியில் காற்றோட்டத்திற்கு இடம் உண்டு. மடிக்கணினியிலோ மெல்லிய உடலுக்குள் அனைத்தும் நெருங்கியுள்ளன. கல்நார்க் கூரையின் கீழ்ச் சித்திரை வெயிலில், பாயின்மீதோ தலையணைமீதோ அதை வைத்தால் காற்றுத்துளைகள் அடைபடும்; வேகம் குறையும்; மின்கலம் விரைவில் கெடும். மின்கலம் உப்பிப்போய் அடிப்பலகையைத் தூக்கிய மடிக்கணினிகளை நாம் கண்டிருக்கிறோம். அவ்வாறு உப்பியதை உடனே நிறுத்திப் பழுது நீக்குவோரிடம் ஒப்படைக்க வேண்டும். குத்துவதோ அழுத்துவதோ தீவிபத்தில் முடியும்.

மூன்றாவது, உடல்நலம். மேசைக்கணினியில் திரை கண்ணுக்கு நேரேயும், விசைப்பலகை முழங்கைக்கு நேரேயும் அமையும். மடிக்கணினியில் இரண்டும் ஒன்றாய் ஒட்டியுள்ளன. திரையைக் கண்ணுக்கு உயர்த்தினால் கை உயரும். கையைத் தாழ்த்தினால் கழுத்து குனியும். நாள்தோறும் மூன்று நான்கு மணி நேரம் குனிந்து படித்த பிள்ளை, கழுத்து வலி என்று கூறுவதில் வியப்பில்லை.

நான்காவதாக ஒன்று உண்டு. அது இயந்திரத்தைப் பற்றியதன்று, நம்மைப் பற்றியது. மேசைக்கணினி பொது இடத்தில் நிற்கும். எவரும் வந்து அமரலாம். மடிக்கணினி எளிதில் ஒருவர் வீட்டுக்குச் செல்லும். "இன்றிரவு மட்டும்" என்று எடுத்துச் சென்றது, திங்கள் ஒன்றாகியும் திரும்பாது. யார் வீட்டுக்குச் செல்லும்? பொறுப்பாளர் வீட்டுக்கு, அங்கும் மகனின் கைக்கு. மகளின் முறை வரவே வராது. நம்மைப் பிறர் ஒதுக்கியதைப் பற்றி நூறாண்டுகளாகப் பேசிவரும் நாம், நம் வீட்டுக்குள் நம் பெண்பிள்ளைகளை ஒதுக்கினால் நம் பேச்சுக்கு மதிப்பு ஏது?

ஆகவே நம் முடிவைக் கூறுகிறோம்.

ஒற்றை அறை வீட்டில் வாழும் குடும்பம், ஒரே ஒரு கணினி வாங்க முடியுமென்றால், மடிக்கணினியே ஏற்றது. மேசை போட இடமில்லை, வெள்ளம் வரும், மின்சாரம் போகும். அந்த ஒன்றே குடும்பத்தின் மேசைக்கணினியாகவும் இருக்க வேண்டுமாதலால், பெரிய திரை பயன்தரும். கணக்கு எழுதுவோர்க்கும், டாலி கற்போர்க்கும் தனி எண்விசைகள் பேருதவியாகும். ஆனால் நாள்தோறும் கல்லூரிக்கு ரயிலில் சுமந்து செல்லும் மாணவனுக்கு 14 அங்குலமே போதும். மூன்று கிலோவும் மின்னேற்றியும் தோளை முறிக்கும். பெரியதை வாங்குவோர் அதனுடன் தனி விசைப்பலகையும் சுட்டியும் வாங்குக. நான்கு தடித்த நூல்களை அடுக்கி, காற்றுத்துளை மறையாமல் அவற்றின்மேல் கணினியை வைத்துத் திரையைக் கண்ணுக்கு நேராக உயர்த்துக. அப்போதுதான் அது மேசைக்கணினிக்கு மாற்றாகும்; இல்லையேல் பெயரளவில் மட்டுமே மாற்று. மின்கலத்தை எண்பது விழுக்காட்டோடு நிறுத்தும் வசதி பல கணினிகளில் உண்டு. எந்நேரமும் மின்சாரத்தில் இணைத்தே வைப்போர் அதைப் பயன்படுத்துக.

படிப்பகத்திற்கோ, மேசைக்கணினிகளே ஏற்றவை. ஒரு பெரிய மடிக்கணினிக்கு ஆகும் பணத்தில், எழுதவும் படிக்கவும் தேர்வுக்குப் பயிலவும் போதுமான எளிய மேசைக்கணினிகள் இரண்டு வாங்கக்கூடும். ஒருவர் அமரும் இடத்தில் இருவர் அமரலாம். தட்டச்சர் பணிக்குக் கேட்கப்படும் கணினிச் சான்றிதழ்த் தேர்வுக்குப் பயில்வோர்க்கும், தமிழ்99 விசைப்பலகையில் கைபழக்குவோர்க்கும் முழு அளவு விசைப்பலகையும் நேரான இருக்கையும் இன்றியமையாதவை. ஆனால் இம்முறை அவை முதல் தளத்தில் வைக்கப்பட வேண்டும். படியேற இயலாத முதியோர்க்கும் மாற்றுத்திறனாளர்க்கும், கீழே கொண்டுவந்து கொடுக்கவும், வீடு வீடாகச் சென்று உதவித்தொகை விண்ணப்பங்களைப் பதியவும் ஒரே ஒரு பெரிய மடிக்கணினி வாங்கப்படட்டும். அது இரவில் எவர் வீட்டுக்கும் செல்லலாகாது. எடுப்பவர் பதிவேட்டில் கையொப்பமிட்டு எடுத்து, அன்றே கையொப்பமிட்டுத் திருப்புக. மாலையில் குறித்த நேரம் பெண்பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்படுக.

இளைஞர்கள் இதனால் தோற்றதாகக் கருத வேண்டாம். வீட்டுக்கு நீங்கள் கூறியதே சரி. பொது இடத்திற்கு மூத்தோர் கூறியதே சரி. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்ததே சண்டைக்குக் காரணம். மேசைக்கணினியைத் தரைத்தளத்தில் வைக்கச் சொன்னதும், அதன் விலையை வெள்ளம் வசூலித்ததும், நாம் கற்ற பாடம். அப்பாடத்திற்கு நம் மக்கள் ஒருமுறை கட்டணம் செலுத்திவிட்டனர். இரண்டாம் முறை செலுத்த வைப்பது குற்றமாகும்.

அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவியபோது, தாம் பெற்ற கல்வி தம்மோடு நின்றுவிடக் கூடாது என்பதையே செயலில் காட்டினார். நம் படிப்பகத்திற்கு வரவிருக்கும் கணினிகளும் அவ்வாறே பலர் கைபடப் பழசாக வேண்டும். உறையில் வைத்துப் புதிதாகக் காக்கப்பட்ட கணினியைவிட, எழுத்துகள் தேய்ந்த விசைப்பலகையே நம் சங்கத்திற்குப் பெருமை சேர்க்கும். பொன்விழாவன்று இம்மேடையில் நிற்கப்போகும் மகளோ மகனோ அத்தகைய விசைப்பலகையில் பயின்றவராக இருத்தல் வேண்டும் என்பதே நம் விருப்பம்.